ஹெஸ்டர் மாலின் எழுந்தார்

1

"மாண்புமிகு உறுப்பினர் கொஞ்சம் வழிவிடுவாரா? ஒரே ஒரு—"

"விடமாட்டேன், சபாநாயகர் அவர்களே. அந்தம்மா என்ன சொல்வாங்கன்னு—"

"சொல்றதுக்கு முன்னாடியே பதிலா?"

"—எங்க ஊர் நாய்க்குக்கூடத் தெரியும்."

சிரிப்பு. ஹெஸ்டர் மாலின் உட்கார்ந்தார்.

(இதில் ஹெஸ்டரின் குரல் எனக்குக் கேட்டது, அவைக்குறிப்பில் இல்லை. பிரிட்டிஷ் நாடாளுமன்றமான வெஸ்ட்மின்ஸ்டரில் பேசுகிறவர் உட்கார்ந்தால்தான் குறுக்கே எழுந்தவருக்கு வழி. உட்காராவிட்டால், எழுந்தவரின் பெயரும் 'எழுந்தார்—' என்பதும் மட்டுமே பதிவாகும்.)

கதை பிறந்தது 'எழுந்தார்' என்பதற்குப் பின்னால் வரும் அந்தக் கோட்டில்தான். ஹெஸ்டர் அந்த வருடம் பேசியதையெல்லாம் வாசித்துக்கொண்டிருந்தேன். மீன்பிடி, பள்ளிச் சாப்பாடு, சாலைக் குழிகள். ஆற்றுப் படகுச் சேவை பற்றிய விவாதம் வந்தால் மட்டும்: எழுந்தார்— மறுபடி, எழுந்தார்—

2

வழிவிடாத ஜெரால்ட் தோர்னை முதலில் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். 'இகழ்ச்சியில் அவர் உதடு—' வேண்டாம். ஆற்றுக்கு அக்கரை அவர் தொகுதி, இக்கரை ஹெஸ்டருடையது. நடுவே ஓடும் படகை நிறுத்தப் பார்த்தது ஹெஸ்டரின் கட்சி அரசு. காப்பாற்றப் போராடியவர் ஜெரால்ட். அரசுக்கு முட்டுக்கொடுக்கத்தான் அந்தம்மா எழுகிறார் என்று நம்பினார்.

தேநீர் அறையில்:

"தோர்ன், உங்க முழங்கால் மடங்கவே மடங்காதா?"

"உங்களுக்கு மட்டும் மடங்காதுங்க, மேடம்."

"ஒரு நாள் மடக்கிப் பாருங்க. கடிச்சுட மாட்டேன்."

"இங்கயே சொல்லுங்களேன்."

"இங்க சொன்னா டீக்குத்தான் கேக்கும். நான் சொன்னது பதிவுல ஏறணும்."

இலையுதிர்காலத்தில் ஹெஸ்டர் இறந்துபோனார்.

3

கதைக்கு ஒரு முடிவு: ஹெஸ்டரின் மகள் வந்து, "அம்மா உங்க பக்கம்தான் பேச நெனச்சாங்க" என்கிறாள். அடித்துவிட்டேன். எனக்கே தெரியாததை அவள் வாயில் எப்படி வைப்பது?

இன்னொன்று: படகு பிழைக்கிறது, கரையில் கொடிகள்— இதுவும் வேண்டாம்.

மிச்சம் இருப்பது இதுதான். வருடத்தின் கடைசி அமர்வு, அன்றைய கடைசி விவாதம். படகு. மற்றவர்கள் ரயிலைப் பிடிக்கப் போய்விட்டார்கள். பச்சை இருக்கைகள் வெறிச்சோடிக் கிடக்க, பதில் சொல்ல வந்த அமைச்சரும், சபாநாயகர் இருக்கையில் ஒரு பெண்மணியும், ஜெரால்டும் மட்டும்.

வழக்கமாக ஹெஸ்டர் எழும் இடம் பேச்சில் வந்தது. ஜெரால்டின் கை, மறுப்பதற்காகத் தானாக உயர்ந்தது. எதிரே யாரும் இல்லை. கையை இறக்கினார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

"உறுப்பினர் முடிச்சுட்டாரா? அப்படின்னா அமைச்சரைக் கூப்பிடணும்."

"முடிக்கல. வழிவிட்டிருக்கேன்."

"யாருக்குங்க? யாரும் எழுந்திருக்கலையே."

அமைச்சர் காகிதங்களை அடுக்கிக்கொண்டு எழத் தயாரானார். அவர் எழுந்துவிட்டால் ஜெரால்டின் பேச்சு அத்தோடு போச்சு. படகுக்காகப் பேச வேறு ஆளில்லை. இது ஜெரால்டுக்கும் தெரியும்.

(ஜெரால்டை எழுப்புவதும் விடுவதும் உங்கள் கையில். எனக்கு இதுவரைதான் கேட்டது.)

அந்தச் சபையில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. ஜெரால்ட் காலி இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க, ஹெஸ்டர்."