அக்கா இடிக்கச் சொன்ன சுவர்

பக்தவச்சலம் நீட்டிய மாலையை வாங்கக் காசி கை நீட்டவில்லை.

வாசலில் பந்தல் போட்டு, பெஞ்சின் மேல் அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். விடிந்ததிலிருந்து தலைமாட்டில் நின்று, வருகிறவர்கள் கொடுக்கும் மாலைகளை வாங்கி அவள்மேல் போட்டுக்கொண்டிருந்தவன் காசிதான். யார் கொடுத்தது என்றுகூடப் பார்க்கவில்லை. இந்த மாலையை மட்டும் பார்த்தான். தடிமனான ரோஜா மாலை. தோல் தொழில் பயிற்சி நிலையத்தின் செயலாளரான பக்தவச்சலம் ஒரு நுனியையும் அவருடைய டிரைவர் இன்னொரு நுனியையும் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

"காசி, மாலைப்பா."

"பாத்தேன் சார்."

"வாங்கிப் போடு."

"அந்தச் செவுத்த எடுத்துடறேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. வாங்கிப் போடறேன்."

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள். காசியின் மனைவி பங்கஜம் தலையைத் தூக்கிப் பார்த்தாள். சித்தப்பா ரத்தினசாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"டேய், சாவு வூட்ல இன்னாடா பேச்சு இது?"

"சாவு வூடுன்னுதான் சித்தப்பா மெதுவா பேசறேன்."

பக்தவச்சலத்தின் முகம் சிவந்தது. "அம்சவேணி மேடத்துக்காக இன்னிக்கு நிலையத்துக்கே லீவு விட்டுட்டு வந்திருக்கேன். இது இப்ப பேசற விஷயமா? அப்புறமா ஆபீசுக்கு வா."

"அவங்க ஆறு மாசம் ஆபீசுக்கு வந்து வந்துதான் பேசினாங்க. நீங்க நிமிந்து பாத்தீங்களா?"

செயலாளர் மாலையை நாற்காலியில் வைத்தார். பிணத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் காருக்குப் போனார். கார் தெருமுனை திரும்பும்வரை யாரும் அழவில்லை. பிறகு பங்கஜம்தான் முதலில் குரலெடுத்தாள். அதில் நாத்தனாருக்கான அழுகை பாதி, புருஷனுக்கு இனி ஆம்பூரில் எவன் கட்டட வேலை கொடுப்பான் என்ற அழுகை பாதி.

காசிக்கு அதெல்லாம் தெரியாமல் இல்லை. ஆனால் நெஞ்சு எரிந்தது. செத்துப்போனவளிடம் தோற்கக்கூடாது என்று அவள் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போதே சுவர் எழுப்பிய ஆள், ரோஜா மாலையோடு வந்து நிற்கிறார்.

அம்சவேணி அந்தப் பயிற்சி நிலையத்தின் நூலகர். அது தொடங்கிய வருஷத்திலிருந்து அவள்தான். தோல் மண்டியில் கூலிக்குப் போன அப்பனுக்குப் பிறந்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, மெட்ராசில் நூலகப் பயிற்சி முடித்துத் திரும்பியவள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைகள் எல்லோரும் ஒரே குரலில் வேலையை விடச் சொன்னார்கள். அவள் மாப்பிள்ளைகளை விட்டாள். படிப்பு ஏறாமல் கொத்து வேலைக்குப் போன தம்பி வீட்டிலேயே ஓர் அறையில் இருந்துகொண்டாள்.

எண்பத்து நாலில் நூலகத்துக்குப் பக்கத்து அறைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கித்தான் அதை உள்ளே கொண்டுபோனார்கள். ஊரே செருப்பும் ஷூவும் தைத்துக் கப்பலேற்றுகிறது. அந்த ஊரில் கோயில் மசூதியை அடுத்து, செருப்பைக் கழற்றிவிட்டுப் போகவேண்டிய இடம் அந்த அறைதான். அதற்குப் பொறுப்பாக வாணியம்பாடியிலிருந்து வந்தவர் இஷ்தியாக் அகமது. வெளிநாட்டுத் தோல் பத்திரிகைகளில் எந்தக் கட்டுரை எதில் இருக்கிறது என்பதையெல்லாம் கம்ப்யூட்டருக்குள் ஏற்றுவதுதான் வேலை. நூலகமும் அவரும் சேர்ந்து செய்யவேண்டும் என்று உத்தரவு.

சேர்ந்து செய்த லட்சணம் முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. புத்தக விவரம் எழுதிய நூலகத்து அட்டைகள் எல்லாம் இழுப்பறையில் ஒரு கம்பியில் கோத்து நிற்கும். அதற்காக ஒவ்வொரு அட்டையின் அடியிலும் ஒரு துளை உண்டு. இஷ்தியாக் படித்ததோ, துளைகளாலேயே தகவல் குறித்த அட்டைகளைக் கம்ப்யூட்டரில் ஓட்டிய காலத்தில். இந்தத் துளைக்கும் ஏதோ அர்த்தம் இருக்கும் என்று கம்பியை உருவி, அட்டைகளைக் கட்டுக்கட்டாக எடுத்துப்போய், எல்லா அட்டையிலும் ஒரே இடத்தில் ஏன் துளை என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டார். திரும்பி வந்தபோது அட்டைகள் ஒன்றுகூட வரிசையில் இல்லை.

அக்கா அவரைத் திட்டியது வராண்டாவரை கேட்டதாம். அவள் மட்டும் லேசுப்பட்டவளா? பாதுகாப்பாக வைக்கச் சொல்லி அவர் கொடுத்தனுப்பிய ஃபிளாப்பிகளை, நூலகத்துக்கு வந்த சொத்து என்று நினைத்து, புத்தகத்துக்குப் போடுவதுபோல ஒவ்வொன்றின் மேலும் ரப்பர் ஸ்டாம்பை ஓங்கி ஓங்கிக் குத்தி அலமாரியில் அடுக்கிவிட்டாள். அவருடைய மூன்று மாத வேலை போச்சு. அதோடு இரண்டு அறைக்கும் பேச்சுவார்த்தை நின்றது. சாப்பாட்டு வேளையில் வீட்டுக்கு வந்தால் அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே, "அந்தாளு ஒரு பேஜாரு காசி," என்பாள்.

அதை முடித்து வைத்தவர் ஷபீ அஹமது. தோல் பதனிடும் சின்னத் தோல்ஷாப் வைத்திருந்தவர். ஏற்றுமதிக்குக் கட்டிய தோலில் வெள்ளையாகப் பூத்துக்கொண்டிருந்தது. ஏன் என்று தெரியவேண்டும். அக்கா, "குறிப்பெல்லாம் அந்த ரூமுக்குப் போயிடுச்சு, அங்க கேளுங்க" என்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு அங்கே போனார். இஷ்தியாக், "பேரு இன்னான்னு சொன்னாதான் மெஷின் தேடும், லைப்ரரில கேளுங்க" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு இங்கே வந்தார். நாலாவது தடவை வராண்டா நடுவில் நின்று கத்திவிட்டார்.

"இன்னாம்மா இது! அங்க புருஷன் பேச மாட்டேங்கறான், இங்க பொண்டாட்டி பேச மாட்டேங்கறா. நடுவுல செருப்ப மாட்டிக் கழட்டியே என் சரக்கு நாறிடும் போல இருக்குதே!"

இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறந்தன. அக்காவுக்கு ஆத்திரத்தைவிட வெட்கம்தான் அதிகம். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் காசியிடம் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை உளி, சுத்தியலோட வா. நடுச் செவுத்துல ஒரு ஜன்னல் வைக்கணும்."

"யாரு உத்தரவு?"

"உங்க அக்கா உத்தரவு."

அந்தப் பக்கம் இஷ்தியாக் கம்ப்யூட்டர் மேல் இரண்டு போர்வையைப் போர்த்திவிட்டு, தூசு போகாமல் நுனிகளைப் பிடித்துக்கொண்டு நின்றார். காசி இடித்தான். மேசை உயரத்தில், இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிற அகலத்துக்கு ஜன்னல் வந்தது. தள்ளுகிற கண்ணாடிக் கதவும் போட்டாயிற்று. அதற்குப் பிறகு யாரும் செருப்பைக் கழற்றத் தேவையில்லை. வருகிறவன் உருதுவிலோ தமிழிலோ தன் கஷ்டத்தை அக்காவிடம் சொல்வான். அவள் அதை அந்தத் தோல் பத்திரிகைகள் எழுதும் பெயராக மாற்றி ஜன்னல் வழியாகச் சொல்வாள். அவர் தட்டிப் பார்த்து, எதில் இருக்கிறது என்பார். ஒன்றும் வராவிட்டால் இருவரும் சண்டை போட்டு வேறு பெயர் கண்டுபிடிப்பார்கள். ஷபீ அஹமதின் தோலுக்கு இரண்டாம் நாள் வழி கிடைத்தது. அப்புறம் பேரணாம்பட்டிலிருந்தும் ராணிப்பேட்டையிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

போன வருஷம் பக்தவச்சலம் செயலாளராக வந்தார். கம்ப்யூட்டர் என்பது தனிப் பிரிவு, நூலகக்காரர்கள் அதில் தலையிட வேண்டாம், வெளிநாட்டு வியாபாரி வந்து பார்த்தால் சுவரில் ஓட்டை அசிங்கமாக இருக்கிறது, அடைத்துவிடுங்கள் என்றார். அக்கா முடியாது என்றாள். நாற்காலியை ஜன்னலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அடைக்க வந்த கொத்தனார் இரண்டு தடவை திரும்பிப்போனார். மூன்றாவது தடவை அவள் வேலூர் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அடைத்துவிட்டார்கள்.

ஞாயிறுதோறும் இஷ்தியாக் பஸ் ஏறி வேலூருக்கு வந்து அவளைப் பார்த்தார். போன ஞாயிற்றுக்கிழமைகூட அவள் கேட்டாள், மூச்சு வாங்க: "தம்பி, ஜன்னல் தொறந்துதான இருக்குது?"

"தொறந்துதான் இருக்குது அக்கா," என்றார் அவர்.

காசி குனிந்து அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தான். வெளியே வந்ததும் இஷ்தியாக் ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்து குழந்தைபோல அழுதார்.

இப்போது அவர் பந்தலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். செயலாளர் வந்ததையும் போனதையும் பார்த்திருந்தார். அவர் பக்கத்தில் நூலக உதவியாளர் தேவகி அழுது வீங்கிய முகத்தோடு நின்றாள். பிணத்தைக் குளிப்பாட்ட எடுக்கும் சமயத்தில் காசி அவர்களிடம் போனான்.

"லைப்ரரி சாவி யாருகிட்ட?"

"என்கிட்டதாண்ணா," என்றாள் தேவகி.

"சாயங்காலம் கொண்டாந்து தொறக்கறீங்களா?"

"லீவு விட்டுட்டாங்களே."

"அதனாலதான். கூட்டம் இருக்காது."

தேவகி இஷ்தியாக்கைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். நிரந்தர வேலை இல்லை அவருக்கு; வருஷத்துக்கு ஒருமுறை செயலாளர் கையெழுத்துப் போட்டால்தான் உண்டு. மூன்று தங்கைகள். காசி அவரை எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பாவம் என்று நினைத்தான்.

பாடை தூக்கும்போது, முன்பக்கம் சித்தப்பாவின் மகனைத் தட்டி நகர்த்திவிட்டு இஷ்தியாக் தோள் கொடுத்தார். பங்காளிகளில் ஒருவர் ஏதோ முனகினார். காசி திரும்பிப் பார்த்த பார்வையில் முனகல் அடங்கியது.

பாலாற்றங்கரையில் காசிதான் கொள்ளி வைத்தான். கட்டை பிடித்துக்கொண்டதும் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள். பம்ப்செட்டில் குளித்தார்கள். ஈர வேட்டியோடு ரோட்டுக்கு வந்ததும் எல்லோரும் இடது பக்கம் திரும்பினார்கள். காசி வலது பக்கம் திரும்பினான்.

"எங்கடா?" என்றார் சித்தப்பா. "கொள்ளி வச்சவன் நேரா வூட்டுக்குப் போயி வெளக்கப் பாக்கணும். அதுக்கு முன்னாடி எங்கயும் நுழையக் கூடாது. தெரியாதா உனக்கு?"

"தெரியும் சித்தப்பா. வெளக்கு எரிஞ்சிட்டுதான இருக்கும்? பங்கஜம் எண்ணெய் ஊத்துவா."

"அந்தப் பொம்பளைக்குத்தான் அடம்னு பாத்தா..."

"ஒரே வயிறுதான," என்றான் காசி.

வழியில் தன் கையாள் வீட்டில் உளியும் சுத்தியலும் வாங்கிக்கொண்டான். பயிற்சி நிலையத்து வாட்ச்மேன், துக்கக்காரன் ஈரத்தோடு வருவதைப் பார்த்து, தீட்டுக்குப் பயந்தே ஒதுங்கி வழிவிட்டான். பிறகுதான் செயலாளருக்குப் போன் பண்ணவேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிருக்கும். தேவகி நூலகத்தைத் திறந்து வைத்து, மேசையில் இருந்த பத்திரிகைகளின் மேல் துணி போட்டு மூடியிருந்தாள்.

புதுப் பூச்சு மட்டும் வேறு நிறத்தில் இருந்தது. சுண்ணாம்புகூட அடிக்கவில்லை. காசி அதைத் தட்டிப் பார்த்தான். அவசர வேலை, கலவையில் மணல் ஜாஸ்தி. எப்படிப்பட்ட ஆளை வைத்துக் கட்டியிருக்கிறார்கள் என்று அந்த நேரத்திலும் கோபம் வந்தது. அக்காவை மறித்து நிற்கும் சுவராவது உருப்படியாக இருந்திருக்கலாம். உளியை வைத்து ஓங்கி அடித்தான். பூச்சு உதிர்ந்தது. இன்னொரு அடி. பிறகு எண்ணாமல் அடித்தான். அழ வேண்டியதை எல்லாம் சுத்தியல் அழுதது.

முதல் செங்கல் தளர்ந்து அந்தப் பக்கமாக விழுந்த நேரத்தில் வாசலில் கார் நின்றது. பக்தவச்சலம் உள்ளே வந்தார். தேவகி நகர்ந்து அலமாரியோடு ஒட்டி நின்றாள், வெளியே போகவில்லை.

"டேய், நிறுத்து! யாரைக் கேட்டு இடிக்கற?"

காசி வாயைத் திறந்தான். அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"என்னைக் கேட்டு சார்."

காசிக்கே தூக்கிவாரிப் போட்டது. இஷ்தியாக் எப்போது வந்தார், எப்போது அந்த அறையைத் திறந்தார் என்று தெரியவில்லை.

"இஷ்தியாக்! நீ இங்க இன்னா பண்ற?"

"மெஷின மூடி வச்சிட்டு நிக்கறேன் சார். இந்தப் பக்கத்துச் செவுரு என் பொறுப்பு. நான்தான் இடிக்கச் சொன்னேன். அப்படியே எழுதிக்குங்க."

"வர்ற மாசம் உன் காகிதம் என் மேசைக்கு வரும். ஞாபகம் இருக்குதா?"

"இருக்குது சார். லைப்ரரி ஒரு பக்கம், மெஷின் ஒரு பக்கம் இருந்தா எனக்கு இங்க வேலையே இல்ல. தங்கச்சிங்களுக்கு வேற எங்கயாவது சம்பாதிச்சிக்கறேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கல்லு வுழும்."

செயலாளர் காசியைப் பார்த்தார், தேவகியைப் பார்த்தார். தேவகி கண்ணைத் தாழ்த்தாமல் நின்றாள். சுவர்ப் பூச்சு உதிர்ந்து அவர் ஷூவின் மேல் விழுந்தது. அவர் ஒரு அடி பின்னால் போனார்.

காசி அடுத்த கல்லின் இடுக்கில் உளியை வைத்து இரண்டு தட்டுத் தட்டினான். கல் அசைந்ததே தவிர வரவில்லை. முதல் கல் விழுந்த இடைவெளி வழியாக அந்தப் பக்கத்திலிருந்து நாலு விரல்கள் நுழைந்து கல்லின் முனையைப் பிடித்தன. காசி சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு இந்த முனையைப் பிடித்தான். அவன் தள்ளினான், அவர் இழுத்தார்.