தான்சானியாவின் நாற்காலி

ஆப்பிரிக்காவைக் காட்டு என்றால் சுவர்ப் படத்தில் ஆஸ்திரேலியாவைத் தொடக்கூடியவர்கள் எங்கள் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பாதிப் பேர். அந்தப் பாதியில் நானும் சேர்த்தி. அப்படிப்பட்ட நாங்கள்தான் 1985 பிப்ரவரியில், அரூர் பஸ் சத்தம் கேட்கிற தூரத்தில், ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் உச்சி மாநாட்டை நடத்தினோம். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வாய் கசக்கிறது.

நான் குல்ஷன், பாத்திரக்கடை அன்வர் பாஷாவின் மகள். வாய்க்கொழுப்பு என்று வீட்டில் பேர் வாங்கியவள். இருந்தும் அன்றைக்கு என் வாய் எதற்கும் பயன்படவில்லை.

பயிற்சிப் பள்ளிகளுக்குள் 'மாதிரி உலக மாநாடு' என்று ஒரு போட்டி வைத்தார்கள். மாணவர்கள் ஆளுக்கொரு நாடாக உட்கார்ந்து பேச வேண்டும். நன்றாகப் பேசுகிற ஒருவர் மெட்ராசில் நடக்கும் மாநில அளவு மாநாட்டுக்குப் போய்த் தலைமை தாங்கலாம். அதற்கு மூன்று மாதம் முன்னால்தான் அடிஸ் அபாபாவில் ஆப்பிரிக்கத் தலைவர்கள் கூடியிருந்தார்கள். தான்சானியா தலைமைக்கு வந்த மாநாடு அது. பேப்பரில் பெரிதாக வந்ததால் எங்கள் முதல்வர் அருள்நாதன் அதையே பிடித்துக்கொண்டார்.

அவர் நாடுகளைப் பங்கிட்ட அழகைச் சொல்ல வேண்டும். "குல்ஷன், நீ செவப்பா இருக்கற. எகிப்து நீ." கட்டை மீசை வைத்த முனிராஜுக்கு மொராக்கோ. தான்சானியா வந்ததும் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிறவர் மாதிரி வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு ஞானமேரியிடம் நின்றார். "நீதாம்மா பொருத்தம்." வகுப்பு சிரித்தது. எங்களில் திருத்தமாகப் பேசத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஆனால் அதற்காக அவளுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை.

"மத்தவங்கல்லாம் அடுப்புக்கரிய வெளக்கெண்ணெயில கொழைச்சு மூஞ்சில பூசிக்கலாம். அப்பத்தான் தத்ரூபமா இருக்கும்" என்றார் முதல்வர்.

ஞானமேரி எழுந்து நின்றாள். "எனக்கும் பூசணுங்களா சார், இல்ல இருக்கறதே போதுங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. கரிப் பேச்சு அதோடு நின்றது. அருள்நாதன் சாரும் ஞானமேரியும் ஞாயிற்றுக்கிழமை ஒரே மாதா கோயிலில்தான் பூசை பார்ப்பார்கள். அவர் குடும்பம் முன்வரிசையில் உட்காரும். அவள் குடும்பம் பக்கவாட்டுக் கதவை ஒட்டி, தனியாக. ஒரே சாமி, ஒரே நற்கருணை, உட்காருகிற இடம் மட்டும் வேறு.

அவளுக்கு மெட்ராஸ் போக ஆசை. அதை மறைக்கவும் இல்லை. இண்டூரில் கூலி வேலை செய்கிற ரோசம்மாளின் மகள் மெட்ராசில் தலைவர் இடத்தில் உட்காருவாள் என்று என்னிடம் வாய்விட்டே சொன்னாள். ஹாஸ்டல் கிணற்றடியில் துணி துவைக்கும்போதுகூட ஒத்திகைதான். துவைக்கிற கல்லைச் சோப்புக்கட்டியால் தட்டி, "அவை கூடுகிறது" என்பாள். ஈரப் பாவாடையோடு நான் எழுந்து நின்று எகிப்தின் வணக்கத்தைச் சொல்ல வேண்டும்.

மாநாட்டு விஷயத்தை எனக்கு அவள்தான் விளக்கினாள். "சஹாராப் பக்கம் ஒரு சனம். அவங்க மண்ண மொராக்கோ புடிச்சு வெச்சுக்கிட்டு எங்களுதுங்குது. பாதிச் சனம் அடுத்த நாட்டுப் பாலைவனத்துல கூடாரம் போட்டுக் கெடக்குது. அவங்களும் ஒரு நாடுதான், சபையில வந்து உக்காரட்டும்னு மத்த நாடுங்க சொல்லிருச்சு. அவன் உக்காந்தா நாங்க உக்கார மாட்டோம்னு மொராக்கோ எந்திரிச்சுப் போயிருச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? கூட்டம் நடந்துது. ஒருத்தர் எந்திரிச்சுப் போனா சபை கலைஞ்சிருமா? தலைவர் முடிச்சு வெச்சாத்தான் முடியும்."

தலைவருக்கு ஏற்ற நாற்காலி பள்ளியில் இல்லை. எல்லாம் ஒரு கால் ஆடும் இரும்பு நாற்காலிகள். முனிராஜின் அப்பா வீட்டில் ஒரு தேக்கு நாற்காலி இருந்தது, கைப்பிடி இரண்டிலும் சிங்க முகத்தோடு. அவர் இண்டூர்ப் பக்கத்தில் வரி வசூலித்த மணியக்காரர். அரசாங்கம் அந்த வேலையை எடுத்து நாலு வருஷம் ஆகியும் ஊர் அவரை மணியக்காரர் என்றே கூப்பிட்டது. அவரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் பஞ்சாயத்துப் பேசினார். ரோசம்மாள் கூலிக்குப் போனதும் அவர் நிலத்துக்குத்தான். நாற்காலியைக் கேட்க முதல்வர் போனபோது முனிராஜும் நானும் கூடப் போனோம்.

"யாரு உக்கார்றதுக்கு?" என்று கேட்டார் மணியக்காரர்.

"தான்சானியா அதிபருங்க. இப்ப அவுருதான் ஆப்பிரிக்காவுக்கே தலைவரு."

மணியக்காரர் நிமிர்ந்தார். "அத்தன நாட்டுக்குமா?"

"அம்பது நாட்டுக்குங்க."

"நம்ம நாற்காலியிலயா உக்காரப் போறாரு?"

இது பிள்ளைகள் நடத்தும் நாடகம் என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். முதல்வர் "உங்க நாற்காலியிலதானுங்க" என்றார். முனிராஜ் தரையைப் பார்த்தான்.

"கருப்பா இருப்பாரோ?" என்றார் மணியக்காரர்.

"கருப்புதானுங்க."

"இருக்கட்டும், இருக்கட்டும். கண்ணனே கருப்புதான?"

மறுநாளே நாற்காலி டிராக்டரில் வந்து இறங்கியது, மெத்தை கட்டி, பட்டுத் துணி போர்த்தி. ஆப்பிரிக்காவின் தலைவர் தன் நாற்காலியில் உட்காரப் போகிறார் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாராம். எனக்குச் சிரிப்பாக இருந்தது. அவர் எங்கே இதைப் பார்க்க வரப்போகிறார் என்று நினைத்தேன்.

அவர் வந்தார்.

மாநாடு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மெட்ராசிலிருந்து வந்த அதிகாரி முன்வரிசையில் காலாட்டிக்கொண்டிருந்தார். அவர்தான் நடுவரும் சிறப்பு விருந்தினரும். மேடையில் நாங்கள் அரைவட்டமாக உட்கார்ந்திருந்தோம். நடுவில் சிங்க நாற்காலியில் ஞானமேரி. வெள்ளைச் சேலை கட்டி, கரும்பலகை டஸ்டரைக் கையில் வைத்திருந்தாள். அவள் குரல் கடைசி பெஞ்சு வரை போனது. இனவெறி அரசை எதிர்த்து நிற்கும் நாடுகளுக்குத் தான்சானியா எப்படி இடம் கொடுத்தது, சண்டையிட்டுப் பிரியப் பார்த்த நாடுகளை ஒரு கூரைக்குள் எப்படி உட்கார வைத்தது என்று பேசினாள். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே, இவள் எங்கள் ஹாஸ்டலில் என்னோடு புளிக்குழம்பு சாப்பிடுகிறவள்தானா என்று தோன்றியது.

பிறகு டஸ்டரால் மேஜையைத் தட்டினாள். "சஹாரா அரபுக் குடியரசின் பிரதிநிதி தமது இருக்கையில் அமரலாம்."

சஹாராவாக வந்த நஞ்சம்மாள் ஓரத்திலிருந்து நடந்து வந்து காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அதே நேரத்தில் வாசலில் மணியக்காரர் நுழைந்தார். பட்டு வேட்டி உடுத்தி, கையில் ஒரு சந்தன மாலை வைத்திருந்தார். அதிபரைத் தேடிய அவர் கண் மேடையில் போய் நின்றது.

"ஏய்! நீ ரோசம்மா மவ தான?"

மண்டபம் திரும்பிப் பார்த்தது.

"யாரு நாற்காலியில யாருடி உக்காந்திருக்கறது? எங்கப்பன் உக்காந்த நாற்காலிடி அது! டேய் முனிராஜு, அவளுக்குக் கீழ உக்காந்து என்னத்தடா புடுங்கற? எந்திரிச்சு வாடா!"

முனிராஜ் எழுந்தான். ஞானமேரியை ஒரு தடவை பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கி அப்பாவிடம் போனான். ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

அப்போது முன்வரிசையிலிருந்து ஒருவர் கைதட்டினார். மெட்ராஸ் அதிகாரி.

"பிரமாதம்! மொராக்கோ வெளிநடப்பு! கூட்டத்துலேருந்தே எதிர்ப்புக் குரல்! என்ன ஒரு யதார்த்தம்யா!"

அவர் தட்டியதும் எல்லோரும் தட்டினார்கள். முதல்வரும் தட்டினார். நடந்தது என்ன என்று தெரிந்த மனிதர் பல்லைக் காட்டிக்கொண்டு தட்டினார். எனக்கு அந்த மேடையிலேயே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

ஞானமேரி எழுந்திருக்கவில்லை. டஸ்டரால் ஒரு தடவை தட்டினாள். "மொராக்கோ வெளியேறியதை அவை பதிவு செய்கிறது. கூட்டம் தொடர்கிறது. அடுத்து எகிப்து பேசலாம்."

நான் எழுந்து நின்றேன். மனப்பாடம் செய்த ஒரு வரியும் நினைவுக்கு வரவில்லை. "எகிப்து தலைவரின் பக்கம் நிற்கிறது" என்று மட்டும் சொன்னேன். அதற்கும் கைதட்டினார்கள்.

பரிசு யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? வாசலுக்கு வெளியே நின்ற முனிராஜைக் கூப்பிட்டு வந்து மேடையேற்றினார்கள். 'யதார்த்தமான பங்கேற்பு.' மெட்ராஸ் போகிற ஆள் அவன்தான். கூட்டத்தில் நடித்த பெரியவர் என்று மணியக்காரருக்கும் ஒரு துண்டு போர்த்தினார்கள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் மரியாதை வந்தால் வாங்கிக்கொள்ளத் தெரிந்தவர். தான்சானியாவுக்குக் கொண்டு வந்த சந்தன மாலையை மெட்ராஸ் அதிகாரியின் கழுத்தில் போட்டார். அதிகாரி ஞானமேரியைப் பார்த்து, "நீயும் நல்லாத்தாம்மா பண்ண" என்றார்.

கூட்டம் கலைந்தது. மண்டபத்தில் கடலைத் தோலும் கிழிந்த காகிதக் கொடிகளும்தான் மிச்சம். ஞானமேரி மட்டும் அந்த நாற்காலியை விட்டு அசையவில்லை. நானும் என் எகிப்து நாற்காலியிலேயே இருந்தேன். நஞ்சம்மாளும் போகவில்லை. முதல்வர் ஒரு வாளித் தண்ணீரோடு உள்ளே வந்தார். வாளிக்குள் தேங்காய் நாரும் சோப்பும் கிடந்தன.

"ஞானமேரி, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதம்மா. நாற்காலியக் கழுவி அனுப்பணுங்கறாரு மணியக்காரரு. நீயே கழுவினா அவுருக்குக் கோவம் தணியும். ஒரு வாளித் தண்ணிதான?"

அவள் வாளியை எட்டிப் பார்த்தாள்.

"உங்கம்மா அவுரு நெலத்துலதான வேல செய்யறாங்க? யோசிச்சுப் பாரு. நம்மாளுங்களுக்குள்ள சொல்றேன்."

நம்மாளுங்க! கோயிலில் பக்கவாட்டுக் கதவுக்கு அனுப்பும்போது வராத உறவு, வாளி தூக்கும்போது வந்துவிட்டது.

ஞானமேரி டஸ்டரை எடுத்தாள். மேஜையை ஒரு தட்டுத் தட்டினாள்.

"கூட்டத்த நான் இன்னும் முடிச்சு வெக்கலீங்க சார். பேசணும்னா எந்த நாட்டு சார்பா வந்திருக்கறீங்கன்னு சொல்லிட்டுப் பேசுங்க."

முதல்வர் வாளியோடு நின்றார். எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குச் சொல்ல ஒரு நாடு இல்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார். அதற்குப் பிறகுதான் அவள், "கூட்டம் முடிந்தது" என்று சொல்லி எழுந்தாள்.

நாற்காலியைக் கடைசியில் யார் கழுவினார்கள் தெரியுமா? முதல்வரே. டிராக்டர் வந்து நின்றபோது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிங்க முகத்தில் நாரைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். 'ஆப்பிரிக்க ஒற்றுமை' என்று எழுதிய பேட்ஜ் சட்டையில் குத்தியபடியே இருந்தது. ஹாஸ்டல் ஜன்னலிலிருந்து நாங்கள் பார்த்தோம். இதுவும் ஒரு வெற்றியா என்றால் இல்லை. ரோசம்மாளை அந்த வாரமே வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். அவள் ஏரியூர்ப் பக்கம் தங்கை வீட்டுக்குப் போய்க் கரும்பு வெட்டினாள். மகள் எழுந்து மன்னிப்புக் கேட்டிருக்கக் கூடாதா என்று ஊரில் ஒருத்தர் கேட்டாராம். "எந்திரிக்கறதுக்கா படிக்க வெச்சேன்?" என்றாளாம் ரோசம்மாள்.

மெட்ராஸ் மாநாடு முடிந்த பிறகு முதல்வர் ஆபீஸ் வராந்தாவில் ஒரு போட்டோவைக் கண்ணாடி போட்டு மாட்டினார்கள். நானும் ஞானமேரியும் வகுப்புக்குப் போகிற வழியில் நின்று பார்த்தோம். பெரிய மேடை, பெரிய நாற்காலி, நாற்காலியில் முனிராஜ். அங்கே தலைமை தாங்குகிறவர் தான்சானியாவாக இருக்க வேண்டும் அல்லவா? அவன்தான் தான்சானியா. தத்ரூபமாக இருக்கட்டும் என்று முகம் முழுக்க அடுப்புக்கரி பூசியிருந்தார்கள். பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

கண்ணாடியை உடைக்க என் கை போயிற்று. ஞானமேரி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். போட்டோவுக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய் நன்றாகப் பார்த்தாள்.

"காதுகிட்ட சரியாப் பூசல" என்றாள். "அவன் நெறம் தெரியுது பாரு."