மூன்று மாதத்தில் தெளியும்

எல்லாம் அந்த ஃபோனால் வந்த வினை. மஸ்கட்டில் வேலை பார்க்கும் சபீர், தன் உம்மாவுக்கு ஆசையாக வாங்கி அனுப்பிய ஃபோன். சபீர் என் கூடப் பிறந்த அண்ணன் சுலைமான் காக்காவின் ஒரே மகன். அவனுடைய உம்மா, எனக்கு ஜுஹைனா மைனி. காக்கா இருபத்தாறு வருஷமாகச் சவூதியில், தம்மாமில் இருந்தார். தேங்காய்ப்பட்டணத்தில் அவர் கட்டிய பெரிய வீட்டில் மைனி தனியாக இருந்தாள். இரண்டு வீடு தள்ளி நான். என் வீட்டுக்காரர் கருங்கல் துணிக்கடைக்கு பஸ் ஏறியதும் நான் மைனி வீட்டுக்குப் போய்விடுவேன், மத்தியானச் சோறு வரைக்கும் அங்கேதான்.

ஃபோன் வந்த அன்றைக்கே மைனி காக்காவை வீடியோவில் கூப்பிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். காக்கா திரையில் வந்ததும் ஃபோனைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தார். பிறகு, "ஏட்டி ஜுஹைனா, நீ அப்படியேதான் இருக்கா. வயசு எனக்கு மட்டும்தான் ஆகுதா?" என்றார். மைனிக்கு வெட்கம் வந்துவிட்டது. எனக்குச் சந்தேகம் வந்தது. திரையின் மூலையில் தெரிந்த மைனியின் சின்ன முகத்தைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு இல்லை, வாயோரத்துக் கோடு இல்லை, கன்னத்து மங்கு இல்லை. முகத்தை வழுவழுவென்று காட்டும் வசதி ஒன்று அந்த ஃபோனில் தானாகவே திறந்து கிடந்தது.

"மைனி, இது பொய் மொகம். அணைச்சுப் போடுங்க," என்றேன்.

"இன்னைக்கு ஒரு நாளு கெடக்கட்டும் மக்கா. சந்தோசப்படுதாரு இல்லியா," என்றாள்.

அந்த ஒரு நாள் இரண்டு வருஷமாக நீண்டது. காக்கா கடைசியாக ஊருக்கு வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. கொரோனாவில் ஒரு லீவு போயிற்று, கம்பெனி கைமாறியதில் இன்னொன்று போயிற்று, மகனின் நிக்காஹ்வைக்கூட ஃபோனில்தான் பார்த்தார். அவருக்குத் தெரிந்த மைனி அந்தத் திரையில் இருந்தவள்தான். நடுவில் ஒரு நாள் நான் பிடித்த பிடிவாதத்தில் மைனி அந்த வசதியை அணைத்துவிட்டுப் பேசினாள். காக்கா பதறிவிட்டார். "என்ன தீனம் உனக்கு? மொகம் இப்படி வாடிக் கெடக்கே! சுகர் பாத்தியா?" என்று கேட்டு, அன்றைக்கே ரத்தம் கொடுத்துச் சோதிக்க வைத்து, காகிதத்தைப் படம் பிடித்து அனுப்பிய பிறகுதான் சமாதானமானார். ஒரு நோயும் இல்லை, வயது நாற்பத்தெட்டு என்பதைத் தவிர. மறுநாள் முதல் மைனி மறுபடியும் அந்த வழுவழுப்புக்குள்ளே போய்விட்டாள்.

பக்ரீத் முடிந்த மறுவாரம் காக்கா கூப்பிட்டு, வேலையை விட்டுவிட்டேன், நாலு மாதத்தில் ஒரேயடியாக ஊருக்கு வருகிறேன் என்றார். நான் கத்திக் கூப்பாடு போட்டு அல்லாஹ்வைப் புகழ்ந்தேன். மைனியும் சிரித்தாள். ஃபோனை வைத்ததும் எழுந்துபோய் அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்றாள்.

"இனி என்னட்டி செய்ய? ஏர்போர்ட்ல எறங்கி வாரவரு வேற ஒருத்தியையில்லா பாப்பாரு?"

"காக்காவுக்க தலையப் பாத்தீங்களா? ஒத்த முடியில்ல. அவரு உங்களக் கண்டு கொறை சொல்லப் போறாராக்கும்!"

"அவரு வழுக்கையக் காட்டித்தான் பேசினாரு. நான் காட்டலியே," என்றாள்.

நோயைக் கொடுத்த ஃபோனே மருந்தையும் காட்டியது. இரண்டாவது நாள் மைனி ஒரு விளம்பரத்தை என் முன்னால் நீட்டினாள். நாகர்கோவிலில் ஒரு தோல் டாக்டர், நம்முடைய ரத்தத்தையே எடுத்து முகத்தில் ஊசியாகப் போட்டுத் தோலைப் புதுசாக்குகிறாராம். "பைத்தியமா உங்களுக்கு?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு அடுத்த புதன்கிழமை நானே அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டிலும் தெருவிலும் கண் ஆஸ்பத்திரி என்று சொல்லியிருந்தோம்.

டாக்டர் ரேஷ்மி இளவயதுக்காரி. பொய் சொல்லத் தெரியாத பெண் என்று முதல் பேச்சிலேயே எனக்குப் பட்டது. குழியை நிரப்பும் மருந்து ஒன்று உண்டு, அது உடனே தெரியும் என்றாள். மைனி தலையை ஆட்டினாள். "வெளிய உள்ளது ஒண்ணும் எனக்கு வேண்டாம். எனக்க ரத்தமே போதும்."

"அப்போ ரத்தத்தில எடுக்கிறதுதான் சரி. ஆனா இருபது வயசு முகம் வராதும்மா. தோல் தெளியும், சோர்வு குறையும். மாசத்துக்கு ஒண்ணா மூணு தடவை போடணும். உங்க தோல் தானா வேலை செய்யணும், அதனால மெதுவாத்தான் நடக்கும். கடைசி ஊசி போட்டு மூணு மாசத்தில முழுசாத் தெளியும்."

மைனி விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். "அவரு அதுக்கு முன்னயே வந்திருவாரே. பாதியாவது தெரியுமா டாக்டர்?"

"பாதி தெரியும்," என்றாள் ரேஷ்மி. மைனிக்கு அந்தப் பாதி போதுமாக இருந்தது.

செசிலி என்கிற நர்ஸ் மைனியின் முகத்தில் மரத்துப்போகச் செய்கிற களிம்பைப் பூசி முக்கால் மணி நேரம் உட்கார வைத்தாள். பிறகு கையில் ரத்தம் எடுத்து, குழாயை ஒரு யந்திரத்தில் வைத்துச் சுழற்றினாள். சிவப்பு அடியில் தங்க, மேலே உருக்கின நெய் போல மஞ்சளாக ஒன்று நின்றது. அதைத்தான் ஊசியில் ஏற்றினார்கள். கண்ணுக்குக் கீழே, கன்னத்தில், நெற்றியில் என்று மெல்லிய ஊசி குத்திக் குத்தி எடுத்தது. மைனி கண்ணை மூடி ஸலவாத்து ஓதிக்கொண்டே என் கையைப் பிடித்திருந்தாள். அவள் நகம் என் தோலில் பதிந்தது. களிம்பு பூசியும் கண்ணோரத்தில் வலித்திருக்கிறது. ஆனால் ஓதுவதை நிறுத்தவில்லை.

இரண்டு நாள் முகம் சிவந்து தடித்திருந்தது. கேட்டவர்களிடம் குளவி கொட்டிவிட்டது என்று நான் சொன்னேன். அடுத்த மாதமும் குளவி வந்து கொட்டாது என்பதால் அப்போது கடைவாய்ப் பல் பிடுங்கியது என்றேன். மூன்றாவது மாதம் என்ன சொன்னேன் என்பது எனக்கே நினைவில்லை. பொய் சொல்ல எனக்குக் கஷ்டமே இருக்கவில்லை, ஏனென்றால் மைனி அந்த மூன்று மாதமும் சந்தோஷமாக இருந்தாள். காக்காவுக்காகப் புது மெத்தை வாங்கினாள், கிணற்றைத் தூர் வாரினாள், பேசும்போது அவ்வப்போது அந்த வசதியை அணைத்துப் பார்த்தாள். காக்கா ஒரு தடவையும் தீனமா என்று கேட்கவில்லை. அன்றைக்கெல்லாம் அவள் நடையே வேறாக இருக்கும்.

விமானத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது காக்கா மௌத்தாகிவிட்டார். விடியற்காலை பஜர் தொழுகைக்கு எழுப்பப் போன அறைக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். உறக்கத்திலேயே நெஞ்சு நின்றிருக்கிறது. கட்டிலுக்குக் கீழே பெட்டி கட்டி, கயிறு சுற்றி, மேலே பெயர்கூட எழுதி வைத்திருந்தாராம்.

சபீர் தம்மாமுக்குப் போய்ச் சேர்ந்து கூப்பிட்டான். உடலை ஊருக்குக் கொண்டுவரக் காகிதங்கள் முடிய மூன்று வாரமாவது ஆகும், அங்கேயே அடக்கினால் இரண்டு நாளில் முடியும், என்ன செய்யட்டும் என்று கேட்டான். நான், கொண்டு வா, எனக்கு என் காக்காவைப் பார்க்க வேண்டும் என்று கதறினேன். மைனி ஃபோனை என் கையிலிருந்து வாங்கினாள்.

"அத்தற நாளு வாப்பாவ ஐஸ்ல கெடத்தாண்டாம் மக்கா. அங்கயே நல்லபடியா அடக்கிப் போடு."

ஆறு வருஷம் காத்திருந்தவள், கடைசியாக ஒருமுறை பார்க்கிற பாக்கியத்தையும் அவர் உடம்பு நோகக் கூடாதென்று விட்டுக் கொடுத்தாள். நான் கூடப் பிறந்தவள், எனக்கு அது தோன்றவில்லை. இங்கே பள்ளியில், உடல் முன்னால் இல்லாமலே தொழும் காயிப் ஜனாஸா தொழுதார்கள். மைனி வெள்ளை உடுத்து, புருஷனை இழந்தவள் தனித்திருக்கும் இத்தாவில் உட்கார்ந்தாள். நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டக் கூடாது, அந்நிய ஆண்கள் முகத்தில் விழிக்கக் கூடாது.

டாக்டர் சொன்ன மூன்று மாதத்தின் மிச்சம் அந்த அறைக்குள் ஓடியது. வெயில் இல்லை, அடுப்புப் புகை இல்லை. மைனி சோறு இறங்காமல் மெலிந்தாள். தொழுகைப் பாயில் குப்புறக் கிடந்து அழுதாள். ஆனால் முகம் மட்டும் தன் பாட்டுக்குத் தெளிந்துகொண்டே வந்தது. கண்ணடிக் கருப்பு போயிற்று, மங்கு வெளுத்தது, கோடுகள் தணிந்தன. வெள்ளைத் துணிக்கு நடுவில் பார்க்கும்போது எனக்கே சில நேரம் திக்கென்றிருக்கும். நாற்பதாம் நாள் ஃபாத்திஹா அன்றைக்கே பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதை நான் கவனித்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு யாசீன் ஓதப் பெண்கள் வருவார்கள். மூன்றாம் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, ஓதி முடித்து ஹாலில் தேயிலை குடித்துக்கொண்டிருந்தபோது ஹமீதா மாமி வாயைத் திறந்தாள். எங்கள் வாப்பாவின் தங்கை. சொந்தத்தில் அவள் சொல்தான் சொல்.

"புருசனப் பறிகொடுத்தவளுக்க மொகமா இது? கல்யாணப் பொண்ணு தோத்துப் போவா. வெசனம் உள்ளவளுக்கு மொகம் காட்டிக் குடுக்கும். இவளுக்கு என்ன வெசனம்? அதுனாலதான் அங்கயே அடக்குன்னு ஈசியாச் சொல்லிட்டா."

அறைக் கதவு பாதி திறந்திருந்தது. மைனிக்குக் கேட்காமல் இருந்திருக்காது. யோசித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். யோசிக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

"மாமி, தெரியாம பேசாதீங்க! காக்கா வாராருன்னு மைனி நாகர்கோவில்ல போயி மூணு தடவ மொகத்துல ஊசி போட்டா. நான்தான் கூட்டிட்டுப் போனேன். அந்த ஊசிதான் இப்பம் தெளிஞ்சு வருது. அவருக்காகப் போட்டது!"

மாமி தேயிலைக் கிளாஸைக் கீழே வைத்தாள்.

"மொகத்துக்கு ஊசியா? கண் ஆஸ்பத்திரின்னு சொல்லிட்டுப் போனது இதுக்கா? புருசன் அங்க நெஞ்சு வலிச்சுக் கெடக்கான், இவ இஞ்ச அழகுக்கு ஊசி குத்துகா. அங்க இருக்கவனுக்கு இஞ்ச என்னத்துக்குட்டி அழகு? வேற ஆரு பாக்க?"

நான் என்னென்னவோ கத்தினேன். ஃபோன் காட்டிய பொய் முகத்தைப் பற்றியும் சொன்னேன். சொல்லச் சொல்ல அது இன்னும் மோசமாகத்தான் கேட்டது. பெண்கள் ஒவ்வொருவராகச் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். ராத்திரி இஷா தொழுகைக்குள் ஊர் முழுக்கப் பேச்சாகும் என்பது எனக்குத் தெரிந்தது. அவளைக் காப்பாற்றப் போய் அவள் ஒளித்து வைத்திருந்த ஒன்றை நடு ஹாலில் போட்டு உடைத்துவிட்டேன்.

நான் அறைக்குள் போகாமல் ஹாலில் கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மைனியே கூப்பிட்டாள். திட்டுவாள் என்றுதான் நினைத்தேன்.

"அந்த டாக்டருக்கு ஃபோன் போடு," என்றாள்.

"என்னத்துக்கு மைனி?"

"போட்டதத் திருப்பி எடுக்கதுக்கு மருந்து உண்டான்னு கேளு."

நான் அழுதுகொண்டே நம்பரைத் தேடினேன். ஸ்பீக்கரில் போட்டேன். காக்கா இறந்ததை ரேஷ்மியிடம் சொல்லக் கூடாது என்று மைனி கை காட்டினாள். நான் கேள்வியை மட்டும் கேட்டேன்.

"நிரப்புற மருந்துன்னா கரைக்க ஊசி உண்டு," என்றாள் ரேஷ்மி. "இது அவங்க சொந்த ரத்தம். தோல் தானா உண்டாக்கினதை எடுக்க முடியாதும்மா. ஒரு வருஷம், ஒன்றரை வருஷத்தில தானா குறையும்."

"ஒன்றர வருசமா?" என்று மைனி மெல்லக் கேட்டாள், என்னிடமா டாக்டரிடமா என்று தெரியவில்லை.

"ஏன், என்ன ஆச்சு? சரியா வரலியா? யாராவது ஏதாவது சொன்னாங்களா?" ரேஷ்மியின் குரலில் நிஜமான கவலை இருந்தது.

மைனி ஃபோனைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"இல்ல டாக்டர். நல்லா வந்திருக்கு. பாக்கவங்க எல்லாரும் அதத்தான் சொல்லுகாவ."

ஃபோனை வைத்துவிட்டு மைனி அழுதாள். காக்கா போன நாளில்கூட அவள் அப்படி அழுததில்லை. நெஞ்சில் அடித்துக்கொண்டு, காக்கா பெயரைச் சொல்லி, ஏன் ஒன்பது நாள் பொறுக்கவில்லை என்று கேட்டுக் கேட்டு அழுதாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அது அவள் காதில் விழுந்ததா என்று தெரியாது. மஃரிபுக்கு பாங்கு சொன்னதும் எழுந்து முகம் கை கால் கழுவி உளூ செய்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு பாயில் நின்றாள். விளக்கைப் போட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு அழுகையும் அதில் எங்கேயும் இல்லை. தெளிவாக, அமைதியாக, அழகாக இருந்தது. அவள் அழுததற்கு நான் ஒருத்திதான் சாட்சி, இனி நான் சொல்வதை யாரும் நம்பவும் மாட்டார்கள்.