எண்பத்தைந்துக்குள்

மூன்றாவது கிளப்பின் செயலாளர் கட்டணத் தாளை மேசைமேல் நகர்த்தி வைத்ததும் அவள் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் முதலில் படித்தாள். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பது ஊருக்கே தெரிந்தது, ஆளைக் கவிழ்ப்பது பின்பக்கத்துப் பொடி எழுத்து என்பதை இரண்டு வாரமாகக் கிளப் கிளப்பாக ஏறி இறங்கியதில் கற்றிருந்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்த அவள் கணவர் தாளைப் பார்க்கவில்லை. அவர் தையல்காரர். செயலாளர் அம்மாளின் கோட்டில் இடது தோள் ஒரு விரற்கடை தூக்கி நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊரிலேயே பெரிய கோல்ஃப் மைதானத்தில் பத்தொன்பது வருடம் புல் வெட்டும் இயந்திரம் ஓட்டியவள் அவள். மெஷின் அக்கா என்றால் இயந்திரக் கொட்டகையில் எல்லோருக்கும் தெரியும். கொடிக்கம்பு நடுவில் நிற்கிற வட்டமான புல்தரையைக் கிரீன் என்பார்கள். அதை மூன்று மில்லிமீட்டருக்கு மழிப்பது அவள் வேலை. ஒரு நாள் தவறினால் பந்து தள்ளாடும், மெம்பர்கள் தங்கள் கை கோணலை மறந்துவிட்டுப் புல்லைத் திட்டுவார்கள். திங்கட்கிழமை மதியம் வரை மைதானம் மூடியிருக்கும். அந்த அரைநாள் வேலையாட்கள் ஆடிக்கொள்ளலாம் என்று ஒரு பழைய வழக்கம் இருந்தது. மற்றவர்கள் தூங்கப் போனார்கள். அவள் ஆடினாள். யாரோ விட்டுவிட்டுப் போய், வருடக்கணக்கில் கேட்க ஆளில்லாமல் கிடந்த மட்டைகளிலிருந்து மேஸ்திரி அவளுக்கு ஏழு எடுத்துக் கொடுத்தார். ஒன்றுக்கொன்று ஒட்டாத ஏழு மட்டைகள், ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட மருமகள்களைப் போல. சொல்லித்தர ஆள் கிடையாது. தினமும் நூறு பேர் தப்பாக அடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் சரியாக அடிப்பது தானாக விளங்கிவிடும் என்பாள்.

போன மாதம் பராமரிப்பை ஒரு கம்பெனிக்குக் குத்தகை விட்டார்கள். கம்பெனி தன் ஆட்களோடு வந்தது. பழையவர்களுக்குப் பன்னிரண்டு மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்து வழியனுப்பினார்கள். வேலை போனதற்கு அவள் அழவில்லை. முதுகு எப்போதோ போயிருந்தது. திங்கட்கிழமை போனதுதான் தாங்கவில்லை. முதல் திங்களன்று வீட்டில் பாத்திரங்களைக் கழுவினாள், கழுவியதையே திரும்பக் கழுவினாள். கணவர் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"அந்தப் பாத்திரம் உனக்கு என்ன துரோகம் பண்ணுச்சு?"

"மெம்பராச் சேரப் போறேன்."

"எதுல?"

"கோல்ஃப் கிளப்புல."

அவர் சிரிக்கவில்லை. முப்பது வருடத்தில் அவர் செய்த நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று. பன்னிரண்டில் ஆறு ஒழுகுகிற கூரைக்கு, ஆறு அவளுக்கு என்று பேசி முடித்தார்கள். அதற்குமேல் ஒரு காசு கிடையாது, அதற்குக் கீழே பேரமும் கிடையாது.

முதலில் அவள் வேலை பார்த்த கிளப்புக்கே போனார்கள். அங்கே சேர்க்கைக் கட்டணம் மட்டும் இருபத்திரண்டு மாதச் சம்பளம். அதையும் அவர்களாகச் சொல்லவில்லை, மூன்று முறை கேட்ட பிறகுதான் வந்தது. "உங்களுக்கு எதுக்குக்கா கட்டணம்? திங்கக்கிழமை காலைல பக்கவாட்டு கேட் வழியா வந்து ஆடிட்டுப் போங்க, நான் சொல்லி வைக்கிறேன்" என்றார் அங்கிருந்த மேலாளர். நல்ல மனுஷர், மனதாரத்தான் சொன்னார். "எவ்வளவுன்னுதான் சார் கேட்டேன். சும்மா விடுவீங்களான்னு கேக்கல" என்று எழுந்து வந்துவிட்டாள். இரண்டாவது கிளப்பில் சேர்க்கைக் கட்டணம் மூன்றே மாதச் சம்பளம். வாசலிலேயே விளம்பரப் பலகை. பின்பக்கத்தைப் படித்தால் வருடச் சந்தா தனி, மட்டை வைக்கப் பெட்டகம் தனி, நடந்து போக அனுமதியில்லை என்பதால் வண்டி வாடகை தனி, அவர்கள் உணவகத்தில் மாதாமாதம் இவ்வளவுக்குச் சாப்பிட்டே ஆகவேண்டும் என்று ஒரு விதி வேறு. "வாசல்ல வாங்க வாங்கன்றான், உள்ள போனா தோலை உரிச்சுத் தொங்கவிடுவான்" என்றார் கணவர், படியிறங்கும்போதே.

இந்த மூன்றாவது கிளப் சின்னது. கட்டடத்துக்கு வெள்ளையடித்து நாளாகியிருந்தது. சேர்க்கைக் கட்டணம் பத்து மாதச் சம்பளம், சந்தா வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம், வேறு ஒளிவுமறைவு இல்லை. பின்பக்கத்தில் ஏழாவது விதி: கமிட்டி உறுப்பினர் ஒருவரோடு பதினெட்டு குழிகளும் ஆடி, எண்பத்தைந்து அடிக்குள் முடிப்பவருக்கு ஆட்டக்கார உறுப்பினர் என்று பெயர், சேர்க்கைக் கட்டணத்தில் பாதி. அவள் மனதுக்குள் கூட்டினாள். ஐந்தும் ஒன்றும் ஆறு. அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது.

"இந்த ஏழாவது விதில யாராவது சேந்திருக்காங்களா மேடம்?"

செயலாளர் யோசித்தார். "ஆம்பளைங்க நாலு பேர்."

"சனிக்கிழமை வரட்டுமா?"

சனிக்கிழமை கமிட்டி சார்பில் அவளோடு ஆட வந்தவர் ஒரு பல் மருத்துவர். நாற்பது வயது இருக்கும். அவள் பையை ஒரு பார்வை பார்த்தார், ஏழு மட்டைகளையும் எண்ணினார். அவருடைய பையில் பதினான்கு. கணவர் கூடவே நடந்தார். புதிதாகத் தைத்த கால்சட்டையை அவளுக்குப் போட்டுவிட்டிருந்தார், குனிந்தாலும் நிமிர்ந்தாலும் பிடிக்காத மாதிரி முழங்காலில் ஒரு மடிப்புக் கூட்டி. மருத்துவர் நான்காவது குழி வரை மரியாதைக்குப் பேசினார். ஐந்தாவதில் அவள் மணலுக்குள்ளிருந்து பந்தை எடுத்துக் கொடிக்கு ஒரு முழம் தள்ளி வைத்ததும் பேச்சை விட்டார். ஏழாவதில் "இந்தக் கிரீன் எந்தப் பக்கம் சாயும்?" என்று அவளிடமே கேட்டார். "வலது பக்கம் சாயற மாதிரி தெரியும். நம்பாதீங்க. புல்லு இடது பக்கமாப் படுத்திருக்கு பாருங்க" என்றாள். அவர் அவள் சொன்னபடி தட்டினார். விழுந்தது. அதன் பிறகு மேடம் போய் அக்கா வந்தது.

அவள் அடிக்குப் பெரிய தூரம் இல்லை. கொடிக்குக் கிட்டே வந்த பிறகு அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. வாழ்க்கையில் பாதியைக் கிரீனைச் சுற்றியே கழித்தவள், எந்த இடத்தில் பந்து நிற்கும், எந்த இடத்தில் வழுக்கும் என்று அவள் உள்ளங்காலுக்கே தெரியும். பதிமூன்று குழி முடிந்தபோது, அந்தக் குழிகளுக்கு வகுத்த அடிகளைவிட ஒன்பதுதான் கூடியிருந்தது. மொத்த ஆட்டத்துக்கும் வகுத்தது எழுபத்திரண்டு, அதற்குமேல் பதிமூன்று வரை கூடலாம். கணவர் விரலை மடக்கி எண்ணிக்கொண்டே வந்தார். வேண்டாமென்று கண்ணால் அதட்டினாள். அவர் கையைச் சட்டைப் பைக்குள் விட்டு உள்ளே எண்ணினார்.

பதினான்காவது குழியில் மூன்றாவது அடியிலேயே கிரீனில் ஏறிவிட்டாள். கொடிக்கு எட்டடி தூரம். நான்கில் முடித்தால் வகுத்த கணக்கு. மருத்துவரின் பந்து புதருக்குள் போயிருந்தது, அவரும் கணவரும் அதைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவள் தன் பந்துக்கும் குழிக்கும் நடுவே நடந்து பார்த்தாள். வழியில் ஒரு களை. அகலமாக இரண்டு இலை, தரையோடு தரையாக. குனிந்தாள், இரண்டு விரலால் அடியில் பிடித்து, லேசாக முறுக்கி, வேர் அறாமல் எடுத்தாள், கட்டைவிரலால் அந்தப் பள்ளத்தை அழுத்தி மூடினாள். பத்தொன்பது வருடத்தில் லட்சம் தடவை செய்தது. நிமிர்ந்தபோது கையில் மண் ஈரமாக இருந்தது. அப்போதுதான் தான் இன்று எதற்காக வந்திருக்கிறோம் என்பது உறைத்தது.

கிரீனில் பந்து பதிந்த பள்ளத்தைச் சரிசெய்யலாம், செருப்புத் தடத்தைச் சரிசெய்யலாம். முளைத்து நிற்கிற எதையும் பந்தின் வழியிலிருந்து பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் இரண்டு அடி தண்டம். இதற்காக மெம்பர்கள் கழுத்து நரம்பு புடைக்கச் சண்டை போட்டதை அவள் இயந்திரத்தை நிறுத்திவைத்துக்கொண்டு எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். ஆட வந்த எவனும் களை பிடுங்கமாட்டான். களை இருப்பதே அவன் கண்ணில் படாது. அவளுக்கு இதுவரை எந்தத் திங்கட்கிழமையும் இந்தத் தண்டம் விழுந்ததில்லை, கூட ஆடி எண்ண ஒருவர் இருந்ததில்லை. புதர்ப்பக்கம் பார்த்தாள். இரண்டு முதுகுகள் தெரிந்தன. கணவர் பல் மருத்துவரிடம் தன் கடைவாய்ப் பல்லைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்.

மருத்துவர் பந்தோடு வந்தார். அவள் களையை உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள்.

"இத இங்கருந்து புடுங்கிட்டேன் டாக்டர். ரெண்டு போட்டுக்குங்க."

அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. விளங்கியதும் முகம் சுருங்கியது. "அக்கா, நான் பாக்கவே இல்ல."

"நான் பாத்தேன்ல."

"இதனால பந்துக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. விட்டுடுங்க. கையோட பழக்கம்."

"கை என்னோடதுதான டாக்டர்? வாடகைக்கு எடுத்துட்டு வந்தேனா? எழுதுங்க."

அவர் எழுதினார். சட்டைப் பைக்குள் இருந்த கணவரின் கை அசைந்ததை அவள் கண்டாள். அவள் பந்துக்குப் பின்னால் நின்று, எட்டடி தூரத்தையும் ஒருமுறை பார்த்து, தட்டினாள். குழிக்குள் விழுந்த சத்தம் சுத்தமாக இருந்தது. நான்கு, தண்டம் இரண்டு, ஆக ஆறு. பதினொன்று கூடிவிட்டது. மீதி நான்கு குழிகளில் இரண்டே இரண்டு அடி சறுக்கலாம். பதினைந்தாவதைச் சரியாக முடித்தாள். பதினாறில் ஒன்று போனது. பதினேழில் காற்று எதிர்த்து வந்து இன்னொன்றைக் கொண்டுபோனது. கடைசிக் குழியில் ஆறடி தூரத்துத் தட்டு, விழுந்தால் எண்பத்தைந்து. பந்து விளிம்பு வரை போய், பாதி வட்டம் சுற்றி, வெளியிலேயே உட்கார்ந்துகொண்டது. அவளுக்குக் கோபம் வரவில்லை. தட்டியது சரியாகத்தான் தட்டினாள். அது அவளுக்குத் தெரியும், தெரிந்தது போதும் என்றிருந்தது.

"எண்பத்தாறு" என்றார் செயலாளர், கணக்குச் சீட்டைப் பார்த்து. பிறகு மருத்துவரைப் பார்த்தார். அவர் களை விவகாரம் முழுவதையும் மூச்சுவிடாமல் சொன்னார், தன் வீட்டு நியாயம்போல. செயலாளர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"விதிய என்னால தளர்த்த முடியாது மேடம். தளர்த்தினா நீங்களே ஒத்துக்க மாட்டீங்கன்னு தோணுது. ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க மைதானத்துக்கு உங்கள மாதிரி ஆள் இல்ல. மேற்பார்வை மட்டும் பாருங்க. சம்பளமும் உண்டு, தினமும் ஆடிக்கலாம். கட்டணமே வேண்டாம்."

கணவர் அவள் பக்கம் திரும்பினார். அவள் ஜன்னல் வழியே மைதானத்தைப் பார்த்தாள்.

"பதினாலாவது கிரீனுக்குத் தண்ணி அதிகமா விடுறீங்க மேடம். அதான் களை வருது. பாதியாக் குறைங்க, மண்ணுல ஊசிக்குத்து மாதிரி ஓட்டை போட்டு மணல் தூவுங்க, ரெண்டு மாசத்துல சரியாயிடும். இதுக்குச் சம்பளம் வேண்டாம். நான் இங்க ஆட வந்தேன். மறுபடி ஆடிக் காட்ட எத்தனை நாள் ஆகணும்?"

"தொண்ணூறு நாள்."

"எழுதிக்குங்க."

வெளியே வந்து சாலையோரம் பேருந்துக்கு நின்றார்கள். மைதானத்தின் கம்பிவேலி சாலையை ஒட்டியே ஓடியது. கணவர் தொண்டையைச் செருமினார்.

"கூரைப் பணத்தையும் சேத்துக் கட்டிடலாம்னு நினைக்கிறேன்."

"மழை பேஞ்சா?"

"குடை தைச்சுத் தரேன். ஆளுக்கொண்ணு."

"உள்ள படுத்துக்கிட்டு குடை பிடிக்கவா? பேசாம நில்லுங்க." சிரிப்பை அடக்கியதில் அவள் முதுகு வலித்தது. "பாதிக்கு வரும்போதே போறேன். முழுசையும் கட்டிட்டா எண்பத்தஞ்சு அடிச்சேன்னு யாருக்குத் தெரியும்?"

"தொண்ணூறு நாள் எங்க போய் ஆடிப் பழகுவ?"

அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வேலிக்குள் பார்த்தாள்.

அப்போது வேலிக்கு உள்ளேயிருந்து ஒரு பந்து தப்பிப் பறந்து வந்து சாலையில் குதித்தது, உருண்டு மண்ணோரத்தில் நின்றது. வேலிக்கு அப்பால் வெகுதூரத்தில் தொப்பி போட்ட ஒருவர் கையை ஆட்டினார். "ஹலோ! அந்தப் பந்தைக் கொஞ்சம் தூக்கிப் போடுங்க!"

கணவர் பந்தை எடுக்கக் குனிந்தார். அவள் அவர் தோளைத் தொட்டு நிறுத்தினாள். பையிலிருந்து நீளம் குறைந்த ஒரு மட்டையை உருவினாள். பந்து கிடந்தது கிடந்தபடியே இருந்தது, கூழாங்கல்லும் காய்ந்த மண்ணும் கலந்த இடத்தில். சாலையின் இருபக்கமும் பார்த்தாள். "தள்ளி நில்லுங்க!" என்று வேலிக்குள் கத்தினாள். தொப்பிக்காரர் எதற்கென்று புரியாமலே நாலு எட்டு நகர்ந்தார். அவள் காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, அடித்தாள். மண்ணில் துளிகூடக் கிளம்பவில்லை. பந்து வேலியைத் தாண்டி மேலே போனது, இன்னும் மேலே. பேருந்து வந்து நின்று கதவைத் திறந்தது, நடத்துநர் படியைத் தட்டினார். தையல்காரர் நெற்றிமேல் கையை வைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பிக்காரரும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி அண்ணாந்து நின்றார். பந்து இன்னும் இறங்கத் தொடங்கவில்லை.