தண்ணீர் வராத ஏழு போர்

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் கம்பெனி ஒன்றுக்கு வலைப்பூ எழுதுவது என் வேலை. முதலாளி மோகன்குமார் ஒரே ஒரு வரி போதும் என்றார்: "நாங்கள் போட்ட போர் எல்லாவற்றிலும் தண்ணீர்."

நான் டிரைவர்களின் டைரியைப் புரட்டினேன். போன வருடம் நூற்றுப் பன்னிரண்டு போர். அதில் ஏழில் புழுதிதான் வந்தது. எந்த ஊர், எத்தனை அடி என்று ஏழையும் எழுதிப் போட்டுவிட்டேன்.

மறுநாள் முதலாளி கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "ஏஞ்சாமி, இதைப் படிச்சா எவன் நம்ம வண்டியக் கூப்புடுவான்? இப்பவே அழி. இல்லீன்னா நாளையிலிருந்து வராத."

அழிக்க உட்கார்ந்தபோது அந்தக் கைப்பேசியே அடித்தது. புதுச்சத்திரத்திலிருந்து வசந்தாமணி என்ற விவசாயி. முதலாளி ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏனுங்க, தண்ணி வராததையும் எழுதுனது நீங்கதானுங்களா? மத்த கம்பெனிக்காரங்க கண்டிப்பா வரும்னு சத்தியம் பண்றாங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க. உங்க வண்டியவே அனுப்புங்க."

வண்டியை அனுப்பிவிட்டு, முதலாளி நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சாமி, ஏழு கம்மியாத் தெரியுது. இருவதாப் போட்டுரு."

"அதுக்கு இன்னும் பதிமூணு போர்ல புழுதி வரோணுமுங்க."

முதலாளி நாற்காலியைப் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டார். ஏழே இருக்கட்டும் என்றார்.