பிளக் இல்லாத வீட்டுக்கு வந்த கம்ப்யூட்டர்

1

ஒளிப்பானேன், இந்தக் கதை எனக்குக் கிடைத்தது மயிலாடுதுறையில், ஜெகபர் அலியின் பழைய சாமான் கடையில்.

"தையல் மிஷின்னு நெனச்சுத்தான் சார் எடுத்துப் போட்டேன். மூடியத் தொறந்தா டிவி மாதிரி என்னமோ இருக்கு" என்று சிரித்தார்.

கைப்பிடி வைத்த கனத்த பெட்டி. கழற்றி வைத்தால் மூடியே விசைப்பலகை. உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திரை, இரு பக்கமும் பிளாப்பி செருக வாய். எண்பதுகளில் இதைத்தான் 'எங்கேயும் கொண்டுபோகலாம்' என்று விற்றார்கள். தூக்கிப் பார்த்தேன், தோள்பட்டை இறங்கிப்போனது. பேட்டரி கிடையாது. கரண்ட் இருந்தால்தான் உயிர். கரண்ட் போனால், பிளாப்பியில் ஏற்றாததெல்லாம் அதற்கு மறந்துபோகும்.

யாருடைய பெட்டி என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இனி வருவதெல்லாம் நான் கட்டியது.

2

'காவிரி இரு கரையும் தொட்டுப் பாய்ந்த அந்த...'

வேண்டாம். தை மாத அறுப்பில் ஏது அவ்வளவு தண்ணீர்?

'விஞ்ஞானம் கிராமத்துக்குள் காலடி வைத்தபோது...'

சே, பள்ளிக்கூடக் கட்டுரை.

சரி, நேராகவே சொல்கிறேன். இராஜாங்கம் பஸ்ஸை விட்டு இறங்கினான். குத்தாலத்துப் பக்கம் ஒரு கிராமம். மெட்ராஸில் கம்ப்யூட்டர் விற்கிற கம்பெனியில் அவனுக்கு வேலை. மறுநாள் பண்ணையாரின் ரைஸ்மில்லில்* இந்தப் பெட்டியை வைத்துக் கணக்கு போட்டுக் காட்ட வேண்டும். அதற்கு முன் அம்மா அம்சத்துக்கு அவள் பெயரைத் திரையில் காட்ட ஆசை. வீட்டில் இருப்பது சர்க்கார் கொடுத்த ஒற்றை பல்பு. அதைக் கழற்றிவிட்டு மாட்டிக்கொள்ளலாம் என்று ஒரு ஹோல்டர் பிளக்கும் வாங்கி வந்திருந்தான். 

(* நில உச்சவரம்புச் சட்டம் வந்ததே, பண்ணையார் எப்படி மிச்சமிருந்தார் என்கிறீர்களா? அட போங்க. நிலம் மாமியார் பெயருக்குப் போனது, மச்சினன் பெயருக்குப் போனது. டீக்கடையில் கொடி மாறியது. வரப்பு மட்டும் மாறவில்லை.)

3

வாசலில் அப்பா வீரையன் நின்றார். விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கு அந்த ஊரில் அவர்தான் தலைவர்.

"என்னடா அது பொட்டி?"

"கம்ப்யூட்டர்ப்பா. மில்லுல கணக்கு பாக்க."

"அப்ப கணக்குப்பிள்ளை?"

"உங்க கூலி நெல்லக் கொறச்சு எழுதுன ஆளுக்கா பரிஞ்சு பேசுறீங்க?"

"அவன் பொண்டாட்டி புள்ள என்ன திங்கும்?"

சங்கம் ஒரு கட்டு போட்டிருந்தது. ஆள் வேலையைப் பறிக்கிற மிஷினோடு வருகிறவனை யாரும் வீட்டுக்குள் ஏற்றக்கூடாது, தண்ணீர் கொடுக்கக்கூடாது, நல்லது கெட்டதுக்குப் போகக்கூடாது. கொடுத்தவருக்கும் அதே கதி. டிராக்டருக்காக வீரையன் போட்ட கட்டு அது. ஊர்க்காரன் ரெத்தினம் பண்ணை டிராக்டருக்கு டிரைவராகப் போனான். அவன் அம்மா செத்தபோது பாடை தூக்க ஒரு தோள் வரவில்லை. மாட்டுவண்டியில் ஏற்றி அவனே தனியாகக் கொண்டுபோனான்.

இப்போது அந்த ரெத்தினம் எதிர்ச்சாரியில், பூவரச மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான். 

வீரையன் அவனைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். "போயிடுப்பா" என்றார். 

4

முடிவு ஒன்று: வீரையன் "உள்ள வாடா" என்கிறார். எழுதினேன். மூன்று முறை அந்த வார்த்தையை அவர் வாயில் வைத்தேன், மூன்று முறையும் ரெத்தினத்தைப் பார்த்து மென்று விழுங்கிவிட்டார்.

முடிவு இரண்டு: ரெத்தினமே தெருவைக் கடந்து வந்து, பெட்டியைத் தூக்கி உள்ளே வைக்கிறான். படிப்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஆனால் அவன் எதற்கு வரவேண்டும்? என் கதை நன்றாக முடிவதற்கா?

நான் முழித்துக்கொண்டிருந்தபோது, என்னைக் கேட்காமலே அம்சம் ஒரு சொம்புத் தண்ணீரோடு தெருவுக்கு இறங்கிவிட்டாள்.

"அம்சம், வேண்டாம். அப்புறம் உன்னையும் உள்ள விட முடியாது" என்றார் வீரையன்.

"தெரியும். ஒங்க கட்டுதானே."

மகன் குடித்தான். "ஒம் பேரு இதுல வரும்மா" என்றான். அவள் பெட்டியின் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள்.

"எம் பேரு வரும்னியே, எங்கடா?"

"கரண்ட் இல்லாம வராதும்மா."

"பரவால்ல. எங்க அமுக்கணும்னு சொல்லு."

அவள் விரலைப் பிடித்து ஒவ்வொரு விசையாக வைத்தான். செத்துக் கிடக்கிற பெட்டியில் அவள் தன் பெயரை அழுத்தினாள். திரையில் ஒன்றும் வரவில்லை. "அழகா இருக்குடா" என்றாள். அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

5

வீரையன் இன்னும் வாசலில்தான் நிற்கிறார். 'கடைசியில் அவர்...'

இல்லை, என்னால் ஆகாது. கட்டை அவிழ்க்க, அதில் அடிபட்ட ஒருவனால்தான் முடியும். அவனிடம் போய் "விட்டுரு ரெத்தினம்" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. உங்களுக்கு வந்தால் தெருவைக் கடந்து போய்க் கேளுங்கள். ஆனால் அதற்கு முன்னால் அவன் அம்மாவின் பெயரைக் கேளுங்கள். இவ்வளவு எழுதியும் அவளுக்கு நான் ஒரு பெயர் வைக்கவில்லை.