பாதி டேங்க்

“இப்ப?” வண்டியின் பின்னாலிருந்து கணவர் கேட்டார்.

“பாதி,” என்றாள் அவள்.

“இப்ப?”

“முக்கால். கொஞ்சம் நடுங்குது.”

அவர்களுடைய கல்யாணத்தைவிட மூத்த கார் அது. டேங்க் வறண்டு கிடந்தாலும் பெட்ரோல் முள் பாதியிலேயே நின்று சத்தியம் செய்யும். போன வாரம் அதை நம்பிப் போய், நடுவழியில் வண்டி நின்று, இருவரும் கேனும் கையுமாக வெயிலில் நடந்தார்கள். வீடு திரும்பியதும் டேங்கைக் கழற்றி, அதிலிருந்த ஓட்டையை அடைக்கப் பட்டறைக்கு அனுப்பிவிட்டார். அதற்குள் இருந்த, மிதவையைத் தாங்கும் கம்பி துருவேறி இறுகிப் போயிருந்தது. அதைத் தேய்த்து, ஒயரில் மாட்டி, இப்போது கையாலேயே ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். முன் சீட்டிலிருந்து முள்ளைப் படித்துச் சொல்வது அவள் வேலை. திறந்திருந்த டிக்கி மூடி அவரை மறைத்தது.

முள் சட்டென்று விழுந்தது.

“காலி.”

முள் அடியிலேயே கிடந்தது.

“காலின்னு சொல்றேன்ல. ஏத்துங்க.”

கோபம் போலிருக்கிறது என்று நினைத்தாள். காலையில்தான் இந்தத் தகர டப்பாவை எடைக்குப் போடச் சொல்லியிருந்தாள். சரி, விட்டுக்கொடுப்போம் என்று, சாயங்காலம் டேங்க் வந்ததும் மகள் வீட்டுக்கு இதிலேயே போகலாம் என்றாள். மருமகனின் புது வேலையைப் பற்றிப் பேசினாள். தன் பல்வலியைப் பற்றியும் சொன்னாள். முள் எழவில்லை.

இறங்கிப் போனபோது அவர் டிக்கிக்குள் எதையோ தேடுகிறவர் மாதிரி குப்புறச் சரிந்திருந்தார். கம்பி விரலில் மாட்டியிருந்தது.

தெருக்கோடி டாக்டர் வந்து பார்த்துவிட்டு, மாரடைப்பு என்றார். விழுந்து எவ்வளவு நேரம் இருக்கும் என்று கேட்டார். அவள் முப்பது வருஷம் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள். மறுமுனையில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று மூச்சை வைத்தே சொல்லிவிடுவாள்.

“உடனே பாத்துட்டேன்,” என்றாள் கடைசியில்.

மகள் ஓடி வந்தாள். அழுது ஓய்ந்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா கடைசியா ஏதாவது சொன்னாராம்மா?”

“‘இப்ப?’ன்னு கேட்டாரு.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். நான்தான் பேசிட்டே இருந்தேன்.”

யாரோ அவருடைய சட்டைப்பையிலிருந்து எடுத்து வைத்த போன் அடித்தது. யாரும் எடுக்கவில்லை. அவள் எடுத்தாள். பட்டறைக்காரர். டேங்கில் இருந்த ஓட்டையைப் பற்றவைத்தாயிற்றாம், தண்ணீர் ஊற்றிப் பார்த்ததில் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லையாம். முள் இப்போது சரியாகக் காட்டுகிறதா என்று கேட்டார்.

“காட்டுது,” என்றாள்.

“சார்கிட்ட ஒரு வார்த்தை பேசணுமேம்மா.”

“லைன்ல இருங்க. கூப்பிடறேன்.”

போனை மேஜைமேல் வைத்துவிட்டு, அவரைக் கிடத்தியிருந்த அறைக்குள் போனாள். மேஜைமேல் போனில் நொடிகள் ஏறிக்கொண்டிருந்தன.